கொல்லைப்புறத்து அயலார்

படைப்பு அனைத்தையும் இறைவனைப் புகழ அழைக்கும் பாடல் ஒன்று தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. எரியும் சூளையின் நடுவே நின்ற மூன்று இளைஞர் பாடிய அப்பாடலைத் திருச்சபை இன்றும் ஞாயிறு காலைச் செபத்தில் பாடுகின்றது. கதிரவனும் நிலவும், மழையும் பனியும், நீர்வாழ் உயிர்களும் வானத்துப் பறவைகளும், காட்டு விலங்குகளும் வீட்டு விலங்குகளும் அதில் ஒவ்வொன்றாய் அழைக்கப்படுகின்றன. பாடி முடித்து வீட்டிற்கு வந்து பின்கதவைத் திறக்கின்றோம். கிணற்றடி ஈரத்தில் ஒரு தேரை அமர்ந்திருக்கின்றது. வேலிமுருங்கையில் ஓர் ஓணான் தலையசைக்கின்றது. வைக்கோற்போரின் ஓரத்தில் ஒரு சாரை ஊர்ந்து மறைகின்றது. உடனே நம் கை கல்லையோ கம்பையோ தேடுகின்றது. கோவிலில் பாடிய பாடலுக்கும் கொல்லையில் எடுத்த கல்லுக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் அளந்து பார்ப்பதில்லை.

யானையையும் சிங்கத்தையும் வியப்பதற்கு நமக்குப் பெரிய முயற்சி தேவையில்லை. அவை தொலைவில் இருக்கின்றன. நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நம் சுவருக்குள்ளேயே பிறந்து, நாம் அறியாமலே வாழ்ந்து, நாம் அறியாமலே மடியும் உயிர்களை அறிந்துகொள்வதுதான் கடினம். வரலாற்றில் இக்கடினமான செயலைச் செய்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் குருக்களும் துறவியரும் இருந்தனர். அவர்கள் செய்ததை ஒரு சொல்லில் கூறுவதானால், ஊமை உயிர்களுக்காக மெய்ச்சான்று பகர்ந்தனர் எனலாம். அதற்கு முன் அவற்றின் மேல் சுமத்தப்பட்டிருந்த பொய்ச்சான்றை முதலில் காண்போம்.

தலைக்கு விலை

1566-ஆம் ஆண்டு, முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், இங்கிலாந்து நாடாளுமன்றம் தானியத்தைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. பயிருக்கும் கோழிக்கும் மீனுக்கும் கேடு செய்வன என்று கருதப்பட்ட விலங்குகள், பறவைகள் ஆகியவற்றின் நீண்ட பட்டியல் அதில் இருந்தது. அவற்றைக் கொன்று தலையைக் கொண்டு வருவோருக்குப் பணம் தரவேண்டும். அப்பணத்தைத் தருவோர் அரசு அலுவலர் அல்லர். ஒவ்வொரு பங்கின் கோவில் பொறுப்பாளர்களே. நரியும் காகமும் மட்டுமின்றி மீன்கொத்தியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. முள்ளெலியின் தலைக்கு 2 பென்னி என விலை குறிக்கப்பட்டது. திருவிருந்துக்கு வாங்கிய அப்பத்திற்கும் இரசத்திற்கும் ஆன செலவை எழுதிய அதே கோவில் கணக்கேட்டில், முள்ளெலித் தலைகளுக்குக் கொடுத்த காசும் எழுதப்பட்டது. இவ்வழக்கம் இங்கிலாந்தின் பல பங்குகளில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

முள்ளெலி செய்த குற்றம் என்ன? இரவில் தொழுவத்திற்குள் புகுந்து, படுத்திருக்கும் பசுவின் மடியில் வாய் வைத்துப் பாலைக் குடித்துவிடுகின்றது என்பது மக்களின் நம்பிக்கை. பழத்தோட்டத்தில் புரண்டு முட்களில் பழங்களைக் குத்தி எடுத்துச் செல்கின்றது என்பது பண்டைய உரோமை எழுத்தாளர் பிளினியின் காலந்தொட்டு வந்த மற்றொரு கதை. உண்மையில் அது வண்டுகளையும் புழுக்களையும் தின்று தோட்டக்காரனுக்கு உதவும் சிறிய விலங்கு. அதன் வாய், பசுவின் காம்பில் பால் குடிப்பதற்கு ஏற்றதன்று. எனினும் யாரும் குனிந்து பார்க்கவில்லை. சாட்சி சொன்னவர் எவரும் கண்ணால் கண்டவர் அல்லர். தீர்ப்போ தலைக்கு 2 பென்னி.

இதைப் படித்து நாம் ஆங்கிலேயரை நகைக்க இயலாது. நம் ஊர்களில் இதே குற்றத்தைச் சாரைப்பாம்பின் மேல் சுமத்தியுள்ளோம். பசுவின் பின்னங்கால்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அது பால் குடிக்கும் என்று எத்தனை திண்ணைகளில் கேட்டிருக்கின்றோம்! பாம்பின் வாயமைப்பு உறிஞ்சிக் குடிப்பதற்கு உதவாது என்பதும், நஞ்சற்ற சாரை நம் நெற்குதிரை அழிக்கும் எலியைத் தேடியே வருகின்றது என்பதும் அத்திண்ணைகளில் பேசப்படவில்லை. நாகமும் சாரையும் பிணையும் என்பது இன்னொரு கதை. எழுந்து முறுக்கிக்கொண்டு ஆடும் அவ்விரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகளே. அது வலிமையைச் சோதிக்கும் போட்டி என்பதைப் பொறுமையுடன் கவனித்தோர் கண்டறிந்துள்ளனர்.

தேரையின் வழக்கு இதைவிடத் துயரமானது. பருப்பின்றிப் போன தேங்காயைத் 'தேரை மோந்த தேங்காய்' என்கின்றோம். மெலிந்து, வயிறு உப்பி, தோல் சுருங்கிய குழந்தையைப் பார்த்து 'தேரை விழுந்துவிட்டது' என்று சொல்லி மந்திரிக்கக் கொண்டு சென்ற தாய்மார் நம் பங்குகளில் இருந்தனர். அக்குழந்தையை வாட்டியது ஊட்டச்சத்துக் குறைவு; வீட்டின் வறுமை; தாய்க்கே போதிய உணவு கிடைக்காத நிலை. தேரையைக் குற்றவாளி ஆக்கியதால் குழந்தையின் பசி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. வாயற்ற ஓர் உயிரின் மேல் சொன்ன பொய், வாயற்ற ஒரு குழந்தையையும் தாக்கியது. பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை மனிதரிடையே உள்ள உறவைக் காப்பதற்குத் தரப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் படைப்பைப் பற்றிய பொய் என்றும் படைப்போடு நின்றுவிடுவதில்லை. படைப்புகளைப் பற்றிய தவறான எண்ணம் படைத்தவரைப் பற்றிய தவறான எண்ணத்திற்கு இட்டுச் செல்லும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எடுத்துரைத்ததை இங்கு நினைவுகூர்வது தகும்.

மரத்தில் காய்த்த வாத்துகள்

அக்குவினாசின் ஆசிரியராகிய புனித பெரிய ஆல்பர்ட் இவ்வகையில் நமக்கு முதல் வழிகாட்டி. அவர் காலத்தில் ஐரோப்பாவில் விந்தையான ஒரு செய்தி உலவியது. வடகடலோரத்தில் குளிர்காலந்தோறும் வந்திறங்கும் ஒருவகை வாத்து முட்டையிலிருந்து பிறப்பதில்லை. கடலில் மிதக்கும் மரக்கட்டைகளில் சிப்பிபோல் ஒட்டி வளர்ந்து, முற்றியதும் பறந்துவிடுகின்றது என்றனர். அவ்வாத்துகள் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளுக்குச் சென்று முட்டையிட்டதால், அவற்றின் கூட்டைத் தென்பகுதி மக்கள் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தைக் கதை நிரப்பியது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்னும் குரு, இவ்வாத்து இறைச்சியிலிருந்து பிறவாததால் இறைச்சியன்று என்று வாதிட்டு, நோன்பு நாள்களில் அதை உண்ட ஆயர்களும் துறவிகளும் இருந்தனர் எனக் குறித்துள்ளார். பொய் நாவுக்குச் சுவையாக இருக்கும்பொழுது அதைச் சோதிக்க எவருக்கு மனம் வரும்?

ஆல்பர்ட் அதைச் சோதித்தார். அவ்வாத்துகள் இணைசேர்வதையும் முட்டையிடுவதையும் தாமும் தம் நண்பர்களும் கண்டதாக எழுதி, அக்கதையை மறுத்தார். விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 26 பகுதிகள் கொண்டது. முன்னோர் நூல்களுக்கு விரிவுரை எழுதும் காலத்தில் வாழ்ந்த அவர், வேண்டிய இடங்களில் தாம் கண்டதைத் துணிந்து எழுதினார். தொமினிக்கன் சபைத் துறவியாய் ஐரோப்பாவின் சாலைகளில் கால்நடையாகவே பயணம் செய்தவர் அவர். வழியில் இருந்ததையெல்லாம் பார்த்துச் சென்றார். 1280-இல் இறந்த அவரை 1931-இல் திருச்சபை புனிதராகவும் மறைவல்லுநராகவும் அறிவித்தது. 1941-இல் இயற்கை அறிவியலாளரின் பாதுகாவலராக ஏற்படுத்தியது. உற்று நோக்குதலும் ஒரு புண்ணியமாகலாம் என்பதற்கு இது சான்று.

ஒரு கிராமத்துக் குருவின் தோட்டம்

உற்று நோக்குதலைத் தம் வாழ்நாள் முழுவதும், தம் வீட்டையும் தோட்டத்தையும் சுற்றியே செய்தவர் ஒருவர் உண்டு. அவர் கில்பர்ட் ஒயிட். ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவான அவர் நம் ஒன்றிப்பில் இல்லாதவர். எனினும் பங்குப் பணியில் இருக்கும் நம்மைப் போன்றோர் அவரிடம் கற்க வேண்டியவை பல.

1720-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று, தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியைச் சேர்ந்த செல்போர்ன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவருடைய பாட்டனார் அவ்வூர்ப் பங்குக்குரு. ஒயிட் ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியில் பயின்று, 1749-இல் குருவானார். செல்போர்ன் பங்கின் குருவை நியமிக்கும் உரிமை மற்றொரு கல்லூரியிடம் இருந்ததால், அவர் ஒருநாளும் தம் சொந்த ஊரின் முதன்மைக் குருவாக முடியவில்லை. துணைக் குருவாகவே அங்குப் பணியாற்றினார். வேறிடங்களில் கிடைத்திருக்கக்கூடிய உயர்வுகளைத் தேடாமல், ஊரின் நடுவே இருந்த தம் குடும்ப வீட்டிலேயே தங்கினார். 1751-இல் தோட்ட வேலைகளைக் குறித்து வைக்கத் தொடங்கினார். 1768 முதல் 1793-இல் இறக்கும்வரை, 25 ஆண்டுகள், வானிலை, காற்று, செடி, பூச்சி, பறவை, விலங்கு ஆகியவற்றைப் பற்றிய நாட்குறிப்பை எழுதி வந்தார். தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்னும் இரு அறிஞர்களுக்கு அவர் எழுதிய 110 கடிதங்களின் வடிவில் அமைந்த நூல் 1789-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. செல்போர்னின் இயற்கை வரலாறு என்னும் அந்நூல் அன்றிலிருந்து இன்றுவரை மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டு வருகின்றது.

அந்நூலில் நம் பழைய வழக்கின் முள்ளெலி வருகின்றது. தலைக்கு விலை வைத்த சட்டம் இன்னும் நடைமுறையில் இருந்த காலம் அது. தம் தோட்டத்திலும் வயலிலும் முள்ளெலிகள் மிகுதி என்று எழுதும் ஒயிட், அவற்றின் எச்சத்தைக் கிளறி அவை வண்டுகளைத் தின்பதை அறிகின்றார். பிறந்து ஐந்தாறு நாள்களே ஆன குட்டிகளைப் பெற்றுப் பார்க்கின்றார். நாய்க்குட்டிபோல் கண் திறவாமல் இருக்கின்றன. முட்கள் வெண்மையாய் மென்மையாய் உள்ளன. பெரிய விலங்குபோல் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆற்றல் இன்னும் வரவில்லை. பசுவின் பாலைத் திருடிய கள்வன் என்று ஊர் சொன்ன விலங்கைப் பற்றி, கண் திறவாத அதன் குட்டிகளைக் கண்டு ஒரு குரு சான்று பகர்கின்றார். கோவில் பொறுப்பாளரின் கணக்கேட்டிலும் முள்ளெலி உண்டு. குருவின் கடிதத்திலும் முள்ளெலி உண்டு. முன்னதில் இருப்பது அதன் தலை மட்டும். பின்னதில் அது உயிரோடு இருக்கின்றது.

அவருடைய பார்வை எத்துணை நுண்மையானது என்பதற்கு வேறு சில எடுத்துக்காட்டுகள் போதும். இங்கிலாந்தில் அதுவரை எவரும் விவரிக்காத ஒருவகை வயற்சுண்டெலியை அவர் அடையாளம் கண்டார். தராசில் இரு சுண்டெலிகளை இட்டபொழுது ஓர் அரைப் பென்னிச் செப்புக்காசின் எடையே இருந்தது; அதாவது இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 கிராம். புல்லால் பின்னிய அதன் உருண்டைக் கூடு கிரிக்கெட் பந்தின் அளவு. உள்ளே எட்டுக் குஞ்சுகள். கூட்டை மேசைமீது உருட்டினாலும் குலையாத அளவுக்கு நெருக்கமான பின்னல். தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த கதிர்க்குருவிகளை அவற்றின் குரலைக் கேட்டு மூன்று வெவ்வேறு இனங்கள் என்று பிரித்தறிந்தார். வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் தகைவிலான் இனப் பறவை காலையில் மட்டும் வேலை செய்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை அங்குலமே உயர்த்தி, மீதி நேரத்தில் மண் காய விடுகின்றது என்று கண்டார். மண்சுவர் எழுப்பும் நம் ஊர்க் கொத்தனும் அதைத்தானே செய்கின்றான்? ஒரே நாளில் எழுப்பினால் தன் பாரத்தாலேயே சுவர் சரியும் என்பது அவனுக்கும் தெரியும், அக்குருவிக்கும் தெரியும்.

வளைக்குள் வாழும் சுவர்க்கோழி இனப் பூச்சியை வெளியே கொணர மண்வெட்டியால் தோண்டினால் அது நசுங்கிவிடுகின்றது. வளையும் புல்தண்டு ஒன்றை மெல்ல உள்ளே செலுத்தினால் பூச்சி தானே அதைத் தொடர்ந்து வெளிவருகின்றது. இம்முறையைக் குறித்து வைத்தவரும் ஒயிட்டே. மண்வெட்டியை விட்டுப் புல்தண்டை எடுத்த அக்கையில் ஒரு பெரிய பாடம் இருக்கின்றது. மேய்ப்புப் பணியிலும் அது பொருந்தும்.

அவருடைய அத்தை வீட்டில் ஓர் ஆமை இருந்தது. திமொத்தேயு என்று அதற்குப் பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனக்கு உணவளித்த அவ்வம்மையார் வந்தால் தள்ளாடி அவரை நோக்கி நடந்துவரும், அந்நியரைப் பொருட்படுத்தாது. தடித்த ஓடு இருந்தும் மழைக்கு அஞ்சி ஒதுங்கும். அத்தை இறந்தபின், 1780-இல், அதைப் பெட்டியில் வைத்துக் குதிரை வண்டியில் செல்போர்னுக்குக் கொண்டு வந்தார் ஒயிட். அது நவம்பரில் மண்ணுக்குள் புதைந்துகொள்வதையும் ஏப்ரலில் எழுவதையும் ஆண்டுதோறும் குறித்தார். ஒயிட் இறந்து ஓராண்டிற்குள் அதுவும் இறந்தது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் ஓடு இன்றும் உள்ளது. அதை ஆராய்ந்தபொழுது திமொத்தேயு ஒரு பெண் ஆமை என்று தெரிந்தது!

ஒயிட்டைக் குறையற்ற மனிதராகக் காட்டுவது நம் நோக்கமன்று. இனம் காண்பதற்காகப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் அக்கால வழக்கம் அவரிடமும் இருந்தது. ஆனால் அவருடைய நாட்குறிப்புகளைப் பார்க்கும்பொழுது, இறந்த பறவையைவிட வாழும் பறவையே அவரை மேலும் மேலும் ஈர்த்தது தெளிவாகின்றது.

நாங்கூழ் பெற்ற நீதி

1777-ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் ஒயிட் மண்புழுவுக்காக வழக்காடுகின்றார். அன்றைய தோட்டக்காரர் அதை வெறுத்தனர். புல்தரையை அழுக்காக்குகின்றது, இளம் பயிரைத் தின்கின்றது என்று குற்றம் சாட்டினர். ஒயிட் மறுத்தார். அது மண்ணைத் துளைத்து நெகிழச் செய்கின்றது. மழைநீர் இறங்கவும் வேர் ஓடவும் வழி தருகின்றது. சருகை உள்ளே இழுக்கின்றது. தன் கழிவையே எருவாக மேலே கொணர்கின்றது. இயற்கையின் சங்கிலியில் மிகச் சிறிய வளையமாகத் தோன்றும் இப்புழு அற்றுப்போனால் மண் இறுகிக் குளிர்ந்து மலடாகும் என்று எச்சரித்தார்.

சிறுவயதில் ஒயிட்டின் நூலைப் படித்து மகிழ்ந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் டார்வின். அவர் தம் வாழ்வின் கடைசி நூலை, இறப்பதற்கு முந்திய ஆண்டான 1881-இல், மண்புழுவைப் பற்றியே எழுதினார். தம் வீட்டுத் தோட்டத்திலும் தொட்டிகளிலும் பல ஆண்டுகள் அவற்றைக் கவனித்து, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று வருகின்றது என்று கணக்கிட்டார். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1891-இல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, உழவனுக்கு அது செய்யும் உதவியை வியந்து பேசும் பகுதி உண்டு. செல்போர்ன் தோட்டத்துக் குரு தொடங்கிய வழக்கில் தமிழ்க் கவிஞர் ஒருவரும் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பது நமக்குப் பெருமையன்றோ?

சுவருக்கு அப்பால்

தோட்டத்தைக் கண்டவருக்குத் தோட்டத்தின் எல்லையும் தெரியவேண்டும். குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே மறைகின்றன என்னும் வினா ஒயிட்டை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. தொலைநாட்டிற்குச் செல்கின்றன என்பார் சிலர். பொந்துகளில் உறங்குகின்றன என்பார் வேறு சிலர். சில பறவைகளேனும் ஊரிலேயே ஒளிந்து உறங்கலாம் என்ற ஐயம் ஒயிட்டை விட்டு நீங்கவில்லை. ஆட்களை அமர்த்திப் புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தார்; ஒரு பறவையும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் மறையாமல் எழுதினார். 1911-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் காலில் வளையம் இடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நாத்தாலில் பிடிபட்டது. ஒயிட் இறந்து ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய வினாவுக்கு அச்சிறிய வளையம் விடை கூறியது.

பறவைகள் தாம் இடம்பெயரும் காலத்தை அறிந்திருக்கின்றன என்று எரேமியா இறைவாக்கினர் சுட்டிக்காட்டியதை நாம் அறிவோம். நம் கொல்லையில் தங்குவது நம் கொல்லைக்கு மட்டும் உரியதன்று. மார்கழிக் காலையில் நம் வயலோர மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான்களும் வடக்கே தொலைவிலிருந்து வந்த விருந்தினரே. ஒரு வீட்டார் அழிக்கும் கூடு வேறொரு நாட்டு வானத்தையும் வெறுமையாக்கக்கூடும்.

நம் மண்ணின் சாட்சிகள்

தமிழ் மண்ணிலும் இம்மரபு வேரற்றதன்று. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை, கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி அவர் அறிந்திருந்தது மிகுதி. ஆயினும் காகத்தையும் அணிலையும் வீட்டைச் சுற்றித் திரியும் பிற உயிர்களையும் அதே மதிப்போடு எழுதினார்.

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் எழுத்தறியாத முதியோரும் இச்சான்றைத் தம் வாழ்வால் பகர்ந்தனர். கூழைக்கடாவும் நாரையும் அவ்வூர் மக்களின் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றமும் குஞ்சுகளின் இரைச்சலும் அவர்களுக்குத் தொல்லையாகத் தோன்றவில்லை. பறவை வரும் ஆண்டு நல்ல ஆண்டு என்று கருதினர்; எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக்கினர். 1994-இல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மக்கள் அதற்கு முன்பே கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தனர்.

புனித மார்ட்டின் தெ போரசைப் பற்றிய மரபு ஒன்று நம்மில் பலருக்குத் தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டின் லீமா நகரத் துறவு மடத்தில், திருவுடைகளை எலிகள் கடித்துக் குதறின. நஞ்சு வைக்க வேண்டும் என்றனர் மற்றவர்கள். மார்ட்டின் ஓர் எலியை அழைத்துப் பேசி, அனைத்தையும் தோட்டத்தின் கோடிக்கு அனுப்பி, நாள்தோறும் அங்கு உணவு கொண்டு சென்று கொடுத்தாராம். அதன் புதுமையை ஒருபுறம் வைத்துவிட்டு அதன் நீதியைப் பார்ப்போம். எலிக்குத் திருவுடை அறையில் இடமில்லை. ஆனால் தோட்டத்தில் இடம் உண்டு. தம் வீட்டையும் காத்து, பிற உயிரின் வாழ்வையும் காக்கும் வழியை அவர் தேடினார்.

இன்று செய்யத்தக்கது

இன்று நமக்கு முன் உள்ள ஆபத்து தலைக்கு விலை வைக்கும் சட்டமன்று. சட்டம் இப்பொழுது உயிர்களின் பக்கம் நிற்கின்றது. சாரைப்பாம்பை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. ஆபத்து கொல்லைப்புறமே மறைவதில் உள்ளது. வேலி போய் மதில் வந்துவிட்டது. கிணறு மூடப்பட்டது. முற்றம் முழுவதும் சிமெண்டு பூசப்பட்டு, ஒரு சாண் மண்ணும் இல்லாமல் போயிற்று. நம் கோவில் வளாகங்களும் இதற்கு விலக்கல்ல. திருவிழாக் கூட்டத்திற்கு வசதி என்று வேம்பையும் புங்கையும் வெட்டி, தளக்கற்கள் பதித்து, சுத்தமாயிற்று என்று மகிழ்கின்றோம். அக்கற்களின் கீழே நாங்கூழுக்கு மூச்சில்லை, மழைநீருக்கு வழியில்லை. மண்புழு அற்ற மண் மலடாகும் என்ற செல்போர்ன் குருவின் எச்சரிக்கை நம் கோவில் முற்றத்திலேயே நிறைவேறுகின்றது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், அழிந்துபோகும் ஒவ்வோர் உயிரினமும் தன் இருப்பால் இறைவனுக்குச் செலுத்திவந்த மகிமை நின்றுபோகின்றது என்றும், அவ்வாறு நிறுத்த நமக்கு உரிமையில்லை என்றும் நினைவூட்டினார். மூன்று இளைஞரின் பாடலில் ஒவ்வொரு குரலாக அடங்கிப் போவதை எண்ணிப் பாருங்கள். பாடுவதற்கு நாம் இருப்போம். நம்முடன் பாட எவர் இருப்பர்?

பெரிய செயல்களைப் பரிந்துரைக்க நாம் முன்வரவில்லை. வீட்டின் ஒரு மூலையிலேனும் மண்ணை மண்ணாகவே விடுவோம். கோடையில் ஒரு மண்சட்டியில் நீர் வைப்போம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில், நாள்தோறும் தம் கொல்லையில் கண்ட ஓர் உயிரை நாளும் நேரமும் இட்டு எழுதட்டும். கேட்ட கதையை எழுதக்கூடாது. கண்டதை மட்டும் எழுதவேண்டும். எட்டாம் கட்டளையைக் கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி நாம் அறியோம். பாம்பு கண்டால் நெருங்கவேண்டாம்; நல்லபாம்பும் விரியனும் நம் கொல்லைகளில் உண்டு என்பதால் எச்சரிக்கை தேவையே. பிள்ளைகளை விலக்கி, தொலைவில் நின்று கவனித்து, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்லி அனுப்பலாம். மெலிந்த குழந்தையைக் கண்டால் தேரையைத் தேடாமல் அக்குழந்தையின் அடுப்பைப் பார்ப்போம்.

சாலமோன் அரசரின் ஞானத்தை விவரிக்கும் அரசர்கள் முதல் நூல், லெபனோனின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரையிலும், விலங்குகள், பறவைகள், ஊர்வன, மீன்கள் பற்றியும் அவர் பேசினார் என்கின்றது. கேதுருவோடு நிற்காமல் சுவரோரச் செடிவரை வந்த ஞானம் அது. செல்போர்ன் கல்லறைத் தோட்டத்தில் கில்பர்ட் ஒயிட்டின் கல்லறையில் இருப்பவை இரண்டு தலைப்பெழுத்துகளும் 1793 ஜூன் 26 என்ற இறந்த நாளும் மட்டுமே. ஒரு சிற்றூரை விட்டு அதிகம் வெளியேறாத குருவுக்கு அவ்வளவே போதுமானதாயிருந்தது. அவர் சான்று பகர்ந்த உயிர்களுக்குக் கல்லறைகளும் இல்லை. நம் பின்கதவுக்கு அப்பால் அவை இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவை அங்கு இருக்கும்பொழுதே குனிந்து பார்ப்பது நம் கடமை.